லைன் திறக்காத கிட்டார்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பிறந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். படித்தது, வேலை பார்த்தது, கல்யாணம் முடித்தது, மனைவியைப் புதைத்தது எல்லாம் பொன்மலையில். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் பக்கம் சட்டைக்காரர் என்பார்களே, அந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். ஆனால் மேடை ஏறிவிட்டால் அவர் வெள்ளைக்காரர்தான். வெளிநாட்டிலிருந்து உங்களுக்காகவே வருகை தந்திருக்கும் கிட்டார் சக்கரவர்த்தி என்று மைக்கில் அறிவிப்பு வரும். அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டுவார். ஜனங்கள் கைதட்டுவார்கள். அந்தச் சக்கரவர்த்தி அன்று காலையில் ரேஷன் கடையில் பாமாயிலுக்கு நின்றுவிட்டு டவுன் பஸ் பிடித்து வந்திருப்பார்.

அறிவிப்பைச் செய்கிறவர் ஆர்கெஸ்ட்ராவின் முதலாளி. நாங்கள் அவரை அண்ணன் என்போம். கிட்டார்காரரை எல்லோரும் அங்கிள் என்போம். நான் பாடகி. பிறந்த ஊர் மண்ணச்சநல்லூர், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கம். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடுவேன். வாய்தான் என் பிழைப்பு, வாய்தான் எனக்கு வியாதியும். மனசில் பட்டதை அடக்கிவைக்கத் தெரியாது. அதனால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நல்லதுதான், காப்பித்தூள் மிச்சம்.

அங்கிளுக்கு அண்ணன் போட்டிருந்த முதல் சட்டம், மண்டபத்தில் தமிழ் பேசக் கூடாது. யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை மணப்பாறையில் நிகழ்ச்சி. மேடைக்குப் பக்கத்திலேயே ஒருவர் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அங்கிள் கோட்டும் தொப்பியுமாகப் போய், போன தடவை வாங்கினதுல உப்பே இல்லண்ணே, இந்தத் தடவையாவது பாத்துக் குடுங்க என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் ரெண்டு பேர் பின்னாலேயே நின்றிருந்தார்கள். அண்ணன் வேனில் ஊர் வந்து சேரும் வரை அங்கிளை வறுத்தெடுத்தார். அங்கிள் முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டே வந்தார். எழுபதைத் தாண்டிய மனுஷர், சின்னப் பிள்ளை மாதிரி திட்டு வாங்கினார்.

இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டார் என்று நானும் கேட்டிருக்கிறேன். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன்னுடைய சொந்தப் பாட்டு ஒன்றை, பெரிய ஸ்பீக்கரில், ஒரு கூட்டத்துக்கு முன்னால் வாசித்துவிட வேண்டும். ஒரு தடவை போதும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் அண்ணனிடம் போய், இன்னிக்கு ஒரே ஒரு பாட்டு மேன், மூணு நிமிஷம் என்பார். அண்ணனும் சளைக்காமல், அடுத்த புரோகிராம்ல பாத்துக்கலாம் அங்கிள் என்பார். இந்தப் பேச்சு வருஷக்கணக்காக நடந்தது. எங்களுக்கெல்லாம் அது மணி அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. அங்கிள் கேட்டுவிட்டாரா, சரி, மேக்கப் போட ஆரம்பிக்கலாம் என்று எழுந்து போவோம்.

அந்தப் பாட்டின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கிள் பையனாக இருந்த காலத்தில் சிற்றலை ரேடியோவில் ஒரு புது வகைப் பாட்டு வர ஆரம்பித்ததாம். ராக்கபில்லி என்பார். அமெரிக்காவின் பட்டிக்காட்டுப் பாட்டும் கறுப்பர்களின் பாட்டும் சண்டை போட்டுக்கொண்டே கல்யாணம் கட்டிப் பெற்ற பிள்ளை அது என்று விளக்கம் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு, வெளியூரில் யார் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்க வழியே இல்லாமல், தானாகவே விரலைப் பழக்கியிருக்கிறார். இங்கே நம் ஊரில் அந்த மாதிரி கிட்டாரைப் பிடித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். கூட ரெண்டு சிநேகிதர்கள். ஒருவர் டீத்தூள் வரும் மரப்பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பைக் கட்டி, ஒற்றைக் கம்பி இழுத்துத் தட்டுவார். அதுதான் அவர்களுடைய பேஸ் கிட்டார்.

ரயில்வேக்காரர்கள் கூடி ஆடும் மன்றம் ஒன்று பொன்மலையில் இருந்தது. பலகைத் தரை போட்ட பெரிய ஹால். ஒரு கிறிஸ்துமஸுக்கு இவர்கள் அங்கே மேடை ஏறினார்கள். பெரியவர்கள் எல்லாம் கைகோத்து மெதுவாகச் சுற்றி ஆடுகிறவர்கள். இவர்கள் வாசித்ததும் இளசுகள் எகிறிக் குதிக்க, தரைப்பலகை கிடுகிடுத்திருக்கிறது. மன்றத்துச் செக்ரட்டரி நேராகப் போய் மெயினை அணைத்துவிட்டார். இருட்டில் ஒருவர், இது கூலிக்காரன் பாட்டு, இங்கே வேண்டாம் என்று இங்கிலீஷில் கத்தினாராம். தமிழ் ஆட்களிடம் வாசித்தால், துரை பாட்டு நமக்கெதற்கு என்றார்கள். துரைமார்களோ கூலிப் பாட்டு என்றார்கள். ரெண்டு பக்கத்துக் கதவும் சாத்தியாயிற்று.

அப்புறம் மெட்ராஸ் போய் ஒரு இசைத்தட்டுப் பதிவு செய்தார். பாட்டு அவரே எழுதியது. ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்ததும் ஊதுகிற சங்கைப் பற்றி. சங்கு ஊதியாயிற்று, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள், என் வீட்டில் அவள் இல்லை, நான் எங்கே போக என்பதுதான் விஷயம். சங்கு ஊதுகிற இடத்தில் கிட்டார்க் கம்பியை விரலால் தள்ளித் தள்ளி அழவிடுவார். கம்பெனி அதை வெளியிடவே இல்லை. மாதிரிக்கு என்று ஒரே ஒரு தட்டு கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டுவதற்காக நாற்காலியில் வைத்துவிட்டு கிராமபோனைத் துடைக்கப் போயிருக்கிறார். மச்சான் வந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல கனத்த ஆசாமி. தட்டு நொறுங்கிய சத்தம் கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். மச்சானும் சிரித்தாராம். நானும் சிரித்தேன் என்று அங்கிள் சொல்லுவார். மனுஷனுடைய மொத்தச் சம்பாத்தியத்தின் மேலேயே ஒருத்தர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார், இவர் சிரித்தாராம். கேட்ட எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு சினிமாவுக்குச் சில நாள் வாசித்தார், வில்லன் கூட்டத்தில் பெண் ஆடுகிற பாட்டுக்கெல்லாம். பெயர் எங்கும் வரவில்லை. ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பினார். பிள்ளைகள் ஆஸ்திரேலியா போனார்கள். ரிட்டையர் ஆன பிறகு அண்ணன் அவரைப் பிடித்தார். வாசிப்புக்காக இல்லை, நிறத்துக்காக. இதை அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார். கிட்டார் தெரிஞ்ச பையன் நூறு பேர் கிடைப்பான்மா, இந்தக் கலர் கிடைக்குமா என்றார்.

எனக்கு முதலில் அவருடைய பாட்டு கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு தடவை வேனில் பாடிக் காட்டினார். நடுநடுவே விக்கல் எடுக்கிற மாதிரி குரலை வெட்டி வெட்டிப் பாடினார். நான் பதறிப்போய் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேனே சிரித்தது. அந்தப் பாட்டைப் பாடுகிற முறையே அதுதானாம். இருக்கட்டும் அங்கிள், குடிச்சுட்டே பாடுங்க என்றேன். அதன்பிறகு என்னைப் பார்த்தாலே விக்கிக் காட்டுவார். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது. என்னை கேர்ள் என்று கூப்பிடுவார். எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் கேர்ள்தான்.

லைன் விஷயம் எனக்குத் தெரிந்தது திருவெள்ளறைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். மேடையில் வாசிக்கிற ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சவுண்டு மிக்சரில் ஒரு லைன் உண்டு. அதைத் திறந்தால்தான் வெளியே ஸ்பீக்கரில் கேட்கும். அன்றைக்கு எனக்கு ரெண்டு பாட்டு இடைவெளி கிடைத்தது. கீழே இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் நின்று சோளம் தின்றேன். மேடையில் அங்கிள் ஆடி ஆடி வாசிக்கிறார். எனக்கு அவர் கிட்டாரே கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஏற்கெனவே பதிவு செய்து பென்டிரைவிலிருந்து ஓடிய டிராக்கில் இருந்த கிட்டார். நேராக மிக்சர் பார்க்கிறவரிடம் போனேன். அவர் நெளிந்தார். அங்கிள் லைனைத் திறக்கவே கூடாது என்பது அண்ணன் உத்தரவு, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்றார். விரல் பின்வாங்குகிறதாம், தாளம் இழுக்கிறதாம். அவருக்குத் தெரியாமல் இருக்கத்தான் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டிருக்கிறோம், அதில் அவர் வாசிப்பது அவருக்கு மட்டும் நன்றாகக் கேட்கும் என்றார்.

ஒரு கிழவரைத் தொப்பி மாட்டி நிறுத்தி, ஊரையும் ஏமாற்றி, அவரையும் ஏமாற்றுகிறார்களே என்று நேராக அண்ணனிடம் போய்க் கத்தியிருப்பேன். அதற்குள் என் பாட்டு வந்துவிட்டது. மேடை ஏறிப் பாடி முடித்துவிட்டு, அங்கிளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது ஆண் குரலில் அம்மன் பாட்டு ஒன்று ஓடியது. என் முகத்தைப் பார்த்தே அங்கிளுக்கு என்னவோ புரிந்திருக்க வேண்டும். வாசிப்பதை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றி, என் தலையில் மாட்டிவிட்டு, மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.

உள்ளே அம்மன் பாட்டு இல்லை. சூடான எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி ஒரு கிட்டார் படபடவென்று துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் சங்கு ஊதியது. கம்பி அழுதது. வெளியே ஊரே அம்மனைக் கும்பிட்டு ஆடுகிறது, உடுக்கை அடிக்கிறது, இவர் பொன்மலை ஒர்க்‌ஷாப் வாசலில் தனியாக நிற்கிறார். விரல் எங்கேயும் பின்வாங்கவில்லை. வேனில் கேட்டபோது பிடிக்காத பாட்டு, அங்கே முடிகிற வரை ஹெட்போனைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது அவரே சொன்னார்.

"எனக்குத் தெரியும் கேர்ள். ஒரு நாள் வேணும்னே ஒரு பாட்டு முழுக்கத் தப்புத் தப்பா வாசிச்சேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கல. அன்னிலேருந்து எல்லா மண்டபத்துலயும் என் பாட்டுதான்."

அண்ணனிடம் ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே இருப்பது ஏன் என்றேன். லைன் திறந்து வாசிக்கணும்ல என்றார், நான் ஏதோ புரியாதவள் மாதிரி. யார் காதிலும் விழாமல் வாசித்தால் அது வாசித்த கணக்கில்லை என்பது அவருடைய எண்ணம். நீ போய் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதே, இருக்கறதும் போயிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாயை அடக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் அடக்கிய ஒரே விஷயம் அதுதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லுவார்.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை வீட்டார் மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளையின் அப்பா எல்லாவற்றையும் நேரில் நின்று பார்க்கிற ஆள். பாயசத்தில் முந்திரி பத்தவில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டியவர். அவர் மேடைக்கு முன்னால் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அண்ணனைக் கைகாட்டி இறக்கினார். வெள்ளைக்காரர் வாசிக்கறாரு, சத்தமே வரலியே, அவருக்காகத்தானே உங்களைப் பிடிச்சோம் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் என்னவோ மழுப்பிப் பார்த்தார். மில்காரரிடம் நடக்குமா? அரிசியைக் கையில் எடுத்ததும் கலப்படம் சொல்லுகிறவர்கள். நேராக மிக்சர்காரரிடம் போய், அதைத் திறங்க என்று நின்றுவிட்டார். திறந்தார்கள்.

நான் அப்போது பாடிக்கொண்டிருந்தது பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொள்கிற நேரத்துக்கான ஒரு மெதுவான பாட்டு. தாலாட்டு மாதிரி போகும். அதன் நட்டநடுவில், பெரிய ஸ்பீக்கர் அத்தனையிலும், அங்கிளின் கிட்டார் துள்ளி விழுந்தது. முதல் நொடியில் எனக்குச் சந்தோஷம். வந்துவிட்டது, வெளியே வந்துவிட்டது என்று இருந்தது. அடுத்த நொடியில் பயம். ரெண்டு பாட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டன. நான் பாடுவதை நிறுத்தினேன், அவருக்கு வழி விடலாம் என்று. டிராக் நிற்குமா? அது பென்டிரைவ். புல்லாங்குழலும் வீணையுமாக அது பாட்டுக்கு ஓடியது.

மண்டபம் சிரித்தது. முதலில் முன்வரிசையில் ரெண்டு பேர், அப்புறம் எல்லோரும். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மாலையைத் தூக்கிய கையோடு மாப்பிள்ளை சிரித்தான். வீடியோ எடுக்கிறவர்கூட கேமராவை அங்கிள் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். அங்கிள் கண்ணை மூடியிருந்தார். காதில் ஹெட்போன். லைன் மூடியிருக்கிறது என்ற நிச்சயத்தில், கால் தரையைத் தட்ட, தலை ஆட, சங்கு ஊதும் இடத்துக்கு வந்து கம்பியைத் தள்ளினார். ஸ்பீக்கர் அலறியது. அந்த மனுஷர் அறுபது வருஷமாக ஆசைப்பட்டது நடந்துகொண்டிருக்கிறது, நடக்கிறது என்று தெரியாதவர் அங்கே அவர் ஒருவர்தான். நான் ஓடிப்போய்த் தொட்டேன். அவர் கண் திறப்பதற்குள் லைனை மூடிவிட்டார்கள்.

அங்கிள் ஹெட்போனை இறக்கிவிட்டுச் சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தார். என்னவோ வேடிக்கை நடந்திருக்கிறது என்று அவரும் சிரித்து, தொப்பியைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு இன்னும் கூடியது. மில்காரர் அண்ணனிடம், வாசிக்க வேணாம், ஆனா அவரு நிக்கட்டும், போட்டோவுல வரணும் என்றார். அப்புறம் அங்கிள் கடைசிப் பாட்டு வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிப் பந்தியில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் அங்கிள், எதிரே அண்ணன். அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாம்பாரைப் பிசைந்துகொண்டே சாவதானமாகச் சொன்னார்.

"அங்கிள், அடுத்த புரோகிராம்லேருந்து கம்பியெல்லாம் கழட்டிருங்க. ஹெட்போன் வேணாம். சும்மா நின்னாப் போதும்."

"ஏன் மேன்?"

"உங்க சத்தம் வெளிய கேட்டுருச்சு."

அங்கிள் அண்ணனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சா கேர்ள்?"

"கேட்டுச்சு அங்கிள்."

"சங்கு எடம்?"

"அதுவும்."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் அத்தனை பேரும் அவரிடம் பொய் சொன்னவர்கள்தானே, நானும் ஒன்று சொல்லியிருந்தால் குடி முழுகியிருக்காது. எனக்கு வாயில் வரவில்லை. டிராக் மேலேயே ஓடிக்கிட்டிருந்துச்சு அங்கிள், ஒண்ணும் புரியல என்றேன். எல்லாரும் சிரிச்சது அதுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பரிமாறுகிறவர் வந்தபோது, ரசம் ஊத்துங்கண்ணே என்று தமிழில் கேட்டார். அண்ணன் நிமிர்ந்து முறைத்தார். அங்கிள் ரெண்டாம் தடவையும் தமிழிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஜெயித்தது என்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அடுத்த நிகழ்ச்சிக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கம்பிகளை அவரே கழற்றியிருந்தார். கிட்டார் மொட்டையாக இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஏன் அங்கிள் வந்தீங்க, வீட்டுல இருந்தா என்ன என்று சண்டை பிடித்தேன். வீட்டுல யாரு இருக்கா என்றார். அண்ணன் வழக்கம்போல் வெளிநாட்டுச் சக்கரவர்த்தியை அறிவித்தார். அன்றைக்குக் கைதட்டல் பிரமாதம்.

நான் பாட ஆரம்பித்தேன். மெதுவான பாட்டு. சரணத்துக்கு முன்னால் ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதியில் எனக்குப் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம். என் மைக்கில் ஏறி, லேசாக வெளியேயும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அங்கிள் கண்ணை மூடியிருந்தார். இடது கை கம்பி இல்லாத இடத்தில் ஏறி இறங்கியது. ஷூ போட்ட கால் மேடைப் பலகையைத் தட்டியது. தட்டலை வைத்தே எனக்குப் பாட்டு தெரிந்தது. இப்போது எந்த டிராக்கும் அதன் மேல் ஓடவில்லை. தாளம் கொஞ்சம்கூட இழுக்கவில்லை. அடுத்த தடவை எப்படி இருந்துச்சு என்று அங்கிள் கேட்டால் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் சரணத்துக்குப் போனேன்.

அண்ணனும் கேட்டுவிட்டார். அடுத்த நிகழ்ச்சிக்கு நாங்கள் போனபோது, அங்கிள் நிற்கிற இடத்தில் மட்டும் கனமாக ஒரு கார்பெட் விரித்திருந்தது.